மறதி நோய் உள்ளவரும் வீட்டுத் தோட்டமும்: வடசென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் வீட்டுத் தோட்டம் என்றால் பெரும்பாலும் வாசற்படி ஓரத்தில் ஒரு துளசி, மொட்டை மாடியில் நாலைந்து பை, குழாயடியில் தானாக முளைத்த ஒரு பப்பாளி. அந்த அளவு இடத்தில் மறதி நோய் உள்ளவருக்கு என்னென்ன செய்ய முடியும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். மருத்துவர் டிமென்ஷியா என்று எழுதிக் கொடுப்பதையே மறதி நோய் என்கிறோம். அல்சைமர் அதில் ஒரு வகை, பக்கவாதத்தையொட்டி வருவது இன்னொரு வகை. இந்தத் தோட்டத்தில் செடி பிழைப்பது இரண்டாவது. அவருடைய கை ஓடுவதுதான் முதலாவது. பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை.

கேள்வி: தோட்ட வேலை செய்தால் மறதி குறையுமா?

நோய் குறையாது. குறையும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்பதையே கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தன்னால் முடிகிற ஒரு வேலை கிடைப்பது பெரிய விஷயம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கம் ஓரளவு சீராகும். உடம்பு அசைவதால் பசி எடுக்கும், மலச்சிக்கல் குறையும்.

பெயரும் தேதியும் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதும் போன பிறகும் கைப்பழக்கம் நெடுநாள் தங்கும். மகள் பெயர் வராத ஆயாவிடம் உதிரி மல்லியைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்பைச் சேர்த்துப் பிடித்து நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார். அடுத்த கண்ணிக்கு விரல் தானாக நகரும். வாழைநாரை முன்கூட்டியே தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். காய்ந்த நார் அறுந்தால் விரல் நின்றுவிடும், விட்ட இடத்தைப் பிடிப்பது அவருக்குக் கஷ்டம். நார் சரிப்படாவிட்டால் வெள்ளை நூலைவிடப் பச்சை நூல் நல்லது. வெள்ளைப் பூவோடு வெள்ளை நூல் இருந்தால் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது.

கேள்வி: எங்களுக்கு மண் தரையே இல்லை. குடியிருப்பில் மூன்றாவது மாடி. என்ன செய்வது?

மூன்று தொட்டி போதும். கதவுக்கு வெளியே நடைபாதையில் வைப்பதானால் ஆள் நடக்க 3 அடி அகலம் விட்டு, சுவரை ஒட்டி வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேலும் ஜன்னல் கம்பிக்கு வெளியிலும் தொட்டி வேண்டவே வேண்டாம். எட்டிப் பிடிக்கப் போய் ஆள் சாயலாம், தொட்டி கீழே போகிறவர் தலையில் விழலாம்.

தரையில் வைத்தால் குனிய வேண்டும். குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும். பழைய மேசை ஒன்றின் மேல் 6 அங்குல ஆழமுள்ள அகலத் தொட்டியை வைத்து, முன்னால் கைப்பிடியுள்ள நாற்காலி போடுங்கள். நாற்காலியின் இருக்கை 17, 18 அங்குல உயரம் இருந்தால் எழுந்திருக்கச் சுலபம். மேசையின் கீழ் முழங்கால் நுழைய இடம் வேண்டும். பிளாஸ்டிக் முக்காலி சறுக்கும், வாங்காதீர்கள்.

கேள்வி: மொட்டை மாடிக்கு அழைத்துப் போகலாமா?

கூட ஒருவர் இருக்கும்போது மட்டும். மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கட்டும். சாவி கதவிலேயே தொங்கக் கூடாது. கைப்பிடிச் சுவரை அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் இடுப்புக்குக் கீழேதான் இருக்கும். 4 அடிக்குக் குறைவாக இருந்தால் சுவரிலிருந்து 3 அடிக்குள் பை, செங்கல், முக்காலி எதுவும் வைக்காதீர்கள். ஏறி நிற்கப் படி மாதிரி ஆகிவிடும்.

படிக்கட்டில் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 2 அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். இந்த நோயில் ஆழம் கணிக்கும் திறன் குறையும். சாம்பல் நிறச் சிமெண்டுப் படிகள் ஒரே சரிவாகத் தெரியும். ஏறும்போது நீங்கள் பின்னால், இறங்கும்போது முன்னால்.

12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் ஈர மண் நிரம்பினால் 20 கிலோ தாண்டும். அவர் அதை நகர்த்தப் பார்ப்பார், இடுப்புப் பிடிக்கும். சின்னப் பைகளே வாங்குங்கள். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் ‘மாடித்தோட்டத் தளை’ என்ற தொகுப்பை வாங்கினால், விதையோடு வரும் உயிர் உரப் பொட்டலம், வேப்ப மருந்து எல்லாவற்றையும் அன்றே பூட்டி வையுங்கள். பொட்டலத்தைப் பிரித்து மோரில் கலக்கிவிடக் கூடியவர் வீட்டில் இருக்கிறார் என்பது நினைவிருக்கட்டும்.

கேள்வி: மண்ணும் தண்ணீரும் எங்கள் பக்கத்தில் சரியில்லையே?

இது வடசென்னைக்கே உரிய சிக்கல். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் பல போர்க் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீர் ஊற்றினால் மண் மேல் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். குழாயிலோ லாரியிலோ வரும் மெட்ரோ வாட்டரையே செடிக்கும் பயன்படுத்துங்கள். அரிசி, பருப்பு கழுவிய நீரும் ஆகும். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் ஆகாது. உப்பு முழுக்க அதில்தான் இருக்கும்.

தொழிற்சாலையோ பழைய இரும்புக் கடையோ பட்டறையோ இருந்த இடத்து மண்ணில் கீரை போடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததே, அந்தத் தண்ணீர் நின்ற மண்ணும் சாப்பிடும் செடிக்கு வேண்டாம். செம்மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு கலந்து பையில் போடுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். அதிலும் உப்பு இருக்கும். பிழிகிற வேலையை அவரிடமே கொடுக்கலாம். துணி பிழிந்த கைக்கு அது பழகிய அசைவு.

சாம்பலும் புகைத்தூசும் படியும் தெருவாக இருந்தால் கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: எந்தச் செடிகள் ஏற்றவை?

சீக்கிரம் கண்ணுக்குத் தெரிகிறவை, கையாளத் தாங்குகிறவை, அவர் இளவயதில் பார்த்தவை. நட்டு இரண்டு மாதம் கழித்துக் காய்க்கும் செடியை அவர் யார் நட்டது என்று கேட்பார். வெந்தயம் மூன்றாம் நாளே தலை நீட்டும். விதையும் பெரிது, சிறுகீரை விதை மாதிரி விரலிடுக்கில் நழுவாது. சிறுகீரைதான் வேண்டுமென்றால் ஒரு கரண்டி விதைக்கு நாலு கரண்டி மணல் கலந்து, கோலமாவு தூவுவது போலத் தூவச் சொல்லுங்கள்.

கற்பூரவல்லி கிள்ளி நட்டாலே வரும், உப்புக் காற்றையும் ஓரளவு தாங்கும். புதினா வாங்கும்போது இலையை உருவிவிட்டுத் தண்டை நடலாம். பொன்னாங்கண்ணியும் அப்படியே. துளசி, திருநீற்றுப்பச்சிலை, மரிக்கொழுந்து மூன்றும் கை பட்டாலே மணக்கும். ஆனால் அல்சைமரில் மோப்ப சக்தி தொடக்கத்திலேயே மங்கிவிடுவது உண்டு. "வாசனை தெரியுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அவரைப் பரீட்சை வைக்காதீர்கள். கற்பூரவல்லி இலையின் மெத்தென்ற தடிப்பும் ரோமமும் விரலுக்குத் தெரியும், அது போதும்.

பூவுக்குச் செம்பருத்தி, கனகாம்பரம், டிசம்பர் பூ. மல்லியில் முள் இல்லை, கோடையில் தினமும் பறிக்க வேலை இருக்கும்.

கேள்வி: எந்தச் செடிகள் வீட்டில் இருக்கவே கூடாது? மாமியார் கையில் கிடைப்பதை வாயில் போடுகிறார்.

முதலில் அரளி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எதுவானாலும் இலை, பூ, விதை எல்லாமே விஷம். இதயத் துடிப்பைக் குலைக்கும். செடி வீட்டில் இல்லாவிட்டாலும் சாமி படத்துக்குப் போடும் பூவாக உள்ளே வந்துவிடும். பூக்காரரிடம் அரளி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஊமத்தை, ஆமணக்கு, குண்டுமணி, எருக்கு இருக்கக் கூடாது. நித்தியகல்யாணி வறண்ட மண்ணிலும் தானாக முளைத்து நிற்கும், பார்க்கவும் அழகு. ஆனால் மென்று தின்றால் விஷம். அழகுக்கு வாங்கும் டைஃபன்பேக்கியாவின் அகல இலையைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். சேப்பங்கிழங்கு இலையும் பச்சையாக அரிக்கும்.

செடியைவிட அதிகம் ஆபத்தானவை பாட்டில்கள். பூச்சி மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

விழுங்கிவிட்டார் என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். செடியின் கிளை ஒன்றையோ மருந்து பாட்டிலையோ கையோடு ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.

கேள்வி: நைனா ஒரே தொட்டிக்குப் பத்து முறை தண்ணீர் ஊற்றுகிறார். செடி அழுகுகிறது. எப்படி நிறுத்துவது?

நிறுத்தாதீர்கள். ஊற்றியது அவர் நினைவில் இல்லை. "இப்பதானே ஊத்துனீங்க" என்றால் அவருக்குப் பொய்யாகத்தான் படும், கோபம் வரும். மாற்ற வேண்டியது பாத்திரத்தையும் மண்ணையும் செடியையும்.

2 லிட்டர் பூவாளியை எடுத்துவிட்டுக் கால் லிட்டர் குவளை கொடுங்கள். பத்து முறை ஊற்றினாலும் இரண்டரை லிட்டர்தான். குவளையும் வாளியும் பளிச்சென்ற சிவப்பாக இருக்கட்டும்; வெள்ளை வாளி வெளிர் தரையில் கரைந்துவிடும். தொட்டியின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு துளை போட்டு, மண்ணில் மணலைக் கூட்டுங்கள். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், எவ்வளவு ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளாத கல்வாழை, வல்லாரை, பொன்னாங்கண்ணி இருக்கட்டும். கற்பூரவல்லியும் கற்றாழையும் அவர் கை எட்டாத பக்கம்.

குழாயைத் திறந்துவிட்டு மறப்பது தனிப் பிரச்சினை. தண்ணீர் வரும் நேரம் முடிந்ததும் பிரதான வால்வை மூடிவிட்டு, வாளியில் அளந்து வையுங்கள்.

கேள்வி: நாற்றை எல்லாம் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்?

பிடுங்கத்தக்க பயிரைப் போடுங்கள். முளைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை மூன்றையும் வேரோடு பிடுங்கித்தானே சமைக்கிறோம். 20, 25 நாளில் தயார். வாரம் ஒரு பை விதைத்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு எப்போதும் பிடுங்க ஒரு பை இருக்கும். கத்தரி, தக்காளி நாற்றுக்குக் கம்பி வலை கூண்டு போடுங்கள், அல்லது வளர்ந்த பிறகு அவர் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பிடுங்கிய கீரையை முறத்தில் கொட்டி ஆயச் சொல்லுங்கள். தண்டும் இலையும் கலந்து போட்டால் போடட்டும். நீங்கள் பிறகு உள்ளே வைத்துப் பிரித்துக்கொள்ளலாம், அவர் எதிரில் வேண்டாம். அன்றைய கூட்டில் அந்தக் கீரை இருப்பதைத் தட்டில் வைக்கும்போது சொல்லுங்கள்.

கேள்வி: பாம்பு பாம்பு என்று அலறுகிறார். அங்கே ஒன்றும் இல்லை.

பச்சை நிற ரப்பர் குழாய் தரையில் நெளிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். சுருட்டிச் சுவரில் மாட்டுங்கள். தடுக்கி விழாமலும் இருப்பார். கருப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், அதைத் தாண்ட முயன்று விழுவார். பளபளக்கும் டைல்ஸ் தண்ணீராகத் தெரியும், காலை வைக்க மாட்டார். முருங்கை நிழல் காற்றில் ஆடினால் பூச்சி ஊர்வதாகத் தோன்றும்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் தெளிவாக ஆளோ மிருகமோ தெரிவதாகச் சொன்னால், கூடவே நடை குறுகி, ஒருநாள் தெளிவும் மறுநாள் குழப்பமுமாக இருந்தால், மருத்துவரிடம் இதை விவரமாகச் சொல்லுங்கள். லூவி பாடி என்ற வகையில் இப்படி வரும். அந்த வகையினருக்குச் சில மனநல மருந்துகள் ஒத்துக்கொள்ளாது என்பதால், இது மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

கேள்வி: எந்த நேரம் நல்லது?

காலை ஆறரை முதல் எட்டு வரை. கத்திரி வெயிலில் ஏழரைக்கே உள்ளே வந்துவிடுங்கள். தாகம் எடுப்பது அவருக்கு உறைக்காது. சிறுநீர்ப்பைக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகள் வியர்வையையும் குறைக்கும். போகும்முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்த பின் நீர்மோர். இதய, சிறுநீரக நோயால் தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அந்த அளவுக்குள். செருப்பு பின்பக்கம் வார் உள்ளதாக இருக்கட்டும்.

கேள்வி: சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு ஓடுகிறார்.

பொழுது சாயும்போது பதற்றம் கூடுவது இந்த நோயில் சகஜம். நாலரை மணிக்கே, பதற்றம் ஆரம்பிக்கும் முன்னால், ஒரு டீ கொடுத்துத் தொட்டிகளிடம் அழைத்துப் போங்கள். வாசலில் தொடங்கிப் பக்கச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய் வீட்டுக்குள் திரும்புகிற மாதிரி வட்டமாக நடக்க வழி இருந்தால் நல்லது. முட்டுச் சந்தில் நின்றால் கோபம் வரும். ஆறு மணிக்குள் உள்ளே வந்து எல்லா விளக்கையும் போடுங்கள்.

வெளிக் கதவின் தாழ்ப்பாளைக் கண் மட்டத்துக்கு மேலே மாற்றலாம். ஆனால் அவரை உள்ளே தனியாக வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர முடியாது. சட்டைப் பையில் வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். தெருமுனை டீக்கடை, இஸ்திரி வண்டி, ஷேர் ஆட்டோ நிறுத்தம் மூன்று இடத்திலும் அவர் முகத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் அந்நியமாக நடப்பவரை யாராவது நிறுத்திக் கேட்பார்கள், அது நமக்குப் பெரிய பலம்.

கேள்வி: அப்பா கடலுக்குப் போனவர். செடியே தொட்டதில்லை. இதெல்லாம் சரிப்படுமா?

செடி தெரியாவிட்டால் என்ன, முடிச்சுத் தெரியுமே. கிழிந்த பழைய வலையைக் கம்பங்களுக்கு இடையில் இறுக்கிக் கட்டினால் அவரைக்கும் பாகலுக்கும் அருமையான பந்தல். ஓட்டையை அடைக்கச் சொல்லி நைலான் நூலும் ஊசியும் கொடுங்கள். அவர் கை அளவெடுக்காமலே ஒரே அளவுக் கண்ணி போடும். மிச்ச வலையைத் தரையில் விடாதீர்கள், காலில் சிக்கும். துறைமுகத்திலோ ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவருக்குக் கயிறு சுருட்டுவது, தொட்டிகளை எண்ணிச் சுவரில் கோடு போடுவது, துருப்பிடித்த களைக்கொத்தியை உப்புத்தாளால் தேய்ப்பது ஒத்துவரும். அரிவாள், மண்வெட்டி உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்.

ஐந்து நிமிடம் நல்ல நேரம்தான். "செடிக்கெல்லாம் மண் போட்டுத் தண்ணி ஊத்துங்க" என்பது அவருக்கு இரண்டு கட்டளை. ஒன்று மட்டும் சொல்லுங்கள், நீங்களே முதலில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் காட்டுங்கள், பிறகு மண் உள்ள குவளையை அவர் கையில் வையுங்கள். திருத்தாதீர்கள். ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்தது.

கேள்வி: படுத்த படுக்கையாகிவிட்டார். இனி என்ன?

கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புங்கள், அவர் தலை சாயும் பக்கத்தில் செடி தெரிய வேண்டும். கழுவிய கற்பூரவல்லி இலையை உள்ளங்கையில் வைத்து உங்கள் கையால் மூடுங்கள். விழுங்குவதில் சிரமம் இருந்தால் இலை வாய்க்குப் போகாமல் கூடவே இருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில்?

அக்டோபரிலிருந்து சிமெண்டுத் தரையில் பாசி பிடிக்கும். வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகே அவரை விடுங்கள். தொட்டித் தட்டுகளை வாரம் இருமுறை கவிழுங்கள்; டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டுச் சுமார் பத்து நாளில் பறந்துவிடும், பகலில்தான் கடிக்கும். மழை நாளில் கீரை ஆய்வதும் பூக்கட்டுவதும் வீட்டுக்குள்.

கேள்வி: மருத்துவரிடம் உடனே போக வேண்டிய அறிகுறி?

சர்க்கரை நோய் இருந்தால் தினமும் மாலையில் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள்; முள் குத்தியதை அவர் சொல்ல மாட்டார். நேற்று வரை குவளை பிடித்தவர் இன்று திடீரென்று எதுவும் புரியாமல் விழித்தால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, தண்ணீர் வற்றியது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றே காட்டினால் பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

கேள்வி: பழைய வீட்டில் வெட்டிய வேப்பமரத்தைத் தினமும் தேடுகிறார். வெட்டியாச்சு என்று சொன்னால் அழுகிறார்.

ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி, மரம் அன்றுதான் விழுகிறது. வெட்டியாச்சு என்று சொல்ல வேண்டாம். இருக்கிறது என்று கதை கட்டவும் வேண்டாம். மரத்தைப் பற்றிக் கேளுங்கள்: எந்தப் பக்கம் நின்றது, யார் ஊஞ்சல் கட்டினார்கள், அம்மை போட்டபோது யார் கொத்து ஒடித்தார்கள். தெருவில் எங்காவது வேம்பு இருக்கும். ஒரு கொத்து ஒடித்து வந்து மடியில் வையுங்கள், இலையை அவர் உருவட்டும். உருவிய இலையை நிழலில் உலர்த்தி, துணியில் கட்டி அரிசி டப்பாவில் போடச் சொல்லுங்கள். வண்டு வருவது ஓரளவு குறையும், நாளைக்கும் அவருக்கு அந்த வேலை இருக்கும்.